வளர்ச்சிக் காரணி கொடுத்தும் எலும்புப் புரத மரபணு அசையவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் பரவும்போது எலும்பைத் தேடிப் போவது பழைய செய்தி. மார்பகப் புற்றைப் பற்றி ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889லேயே இதை எழுதிவிட்டார். எலும்பு கரையும்போது அதில் பொதிந்து கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. அங்கே குடியேறிய புற்றுச் செல் அவற்றால் தூண்டப்பட்டு, எலும்பை மேலும் கரைக்கச் சொல்லும் பிடிஎச்ஆர்பி போன்ற புரதங்களைச் சுரக்கிறது. இதோடு நிற்பதில்லை. எலும்புச் செல்லோடு சேர்த்தே நாம் நினைக்கும் புரதங்களை, அதாவது எலும்பு சியாலோபுரதம் (இனி பிஎஸ்பி), ஆஸ்டியோபான்டின், ஆஸ்டியோகால்சின் ஆகியவற்றை, புற்றுச் செல்லே தயாரிக்க ஆரம்பிக்கிறது. மார்பகப் புற்றில் பிஎஸ்பி இருப்பது 1994இலேயே பதிவாகிவிட்டது.

இந்த மரபணுக்களின் இயக்கத்தை எந்தக் காரணி ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று பார்க்கும் சோதனை தாளில் மிக எளிது. செல்லை வளர்த்து, காரணியைப் போட்டு, ஆர்என்ஏ எடுத்து, அதன் அளவைக் காட்டும் ரியல்-டைம் பிசிஆர் ஓட்டினால் முடிந்தது. நடைமுறையில் இது அடிக்கடி சண்டித்தனம் செய்யும். என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடுவதுதான் கீழே இருப்பது. எல்லா இடத்திலும் ஒரே ஒரு பிடிவாதம் என்னிடம் உண்டு: எலும்புப் புரத மரபணுவைச் சந்தேகிக்கும் முன், காரணி செல்லைத் தொட்டதா, செல் அதற்குப் பதில் சொன்னதா என்பதை நிரூபித்துவிட வேண்டும். பிஎஸ்பியும் ஆஸ்டியோகால்சினும் வெகு தாமதமாகப் பேசும் மரபணுக்கள். அவற்றை மட்டும் பார்த்து நடுவில் எங்கே அறுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எதுவுமே அசையவில்லை

காரணி போட்ட கிணறும் (செல் வளர்க்கும் பிளேட்டின் குழி) போடாத கிணறும் ஒரே மாதிரி இருக்கிறதா? முதலில், காரணி பட்டதும் ஏறும் உடனடி மரபணுக்களைப் பாருங்கள். டிஜிஎஃப்-பீட்டாவுக்கு செர்பைன்1 அல்லது ஸ்மாட்7; மற்ற வளர்ச்சிக் காரணிகளில் பிஎம்பி-2க்கு ஐடி1, எஃப்ஜிஎஃப்2க்கும் ஈஜிஎஃப்புக்கும் ஃபாஸ் அல்லது ஈஜிஆர்1. ஃபாஸும் ஈஜிஆர்1உம் அரை மணி நேரத்தில் ஏறி, சீக்கிரமே இறங்கிவிடும். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஐடி1ஐ ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம். செர்பைன்1ஐ 2 முதல் 4 மணி நேரத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். புரத அளவில் பார்ப்பதானால், சிக்னலைக் கொண்டுபோகும் ஸ்மாட்2 புரதம் பாஸ்பேட் ஏறி இருக்கிறதா என்று 30 முதல் 60 நிமிடத்தில் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் முறை) தேடுங்கள். பிஎம்பி என்றால் ஸ்மாட்1/5, எஃப்ஜிஎஃப்2 என்றால் ஈஆர்கே.

இவையும் அசையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் குப்பியில்தான். டிஜிஎஃப்-பீட்டா1ஐச் சாதாரண பிபிஎஸ் உப்புக் கரைசலில் கரைத்து வைத்தவர்கள் பலர். அது நடுநிலைக் கரைசலில் சரியாகக் கரையாது. கரைந்ததும் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின் சேர்த்துக் கரைப்பதுதான் வழக்கம். சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கை மறுபடி மறுபடி உருக்கி உறைய வைக்காதீர்கள். நீர்க்கச் செய்யும்போது வெறும் மீடியத்தில் செய்யாமல் கொஞ்சம் ஆல்புமின் உள்ள மீடியத்தில் செய்யுங்கள். இல்லாவிட்டால் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று நோட்டில் எழுதியிருப்பீர்கள், செல்லுக்குப் போனது அதில் எவ்வளவோ யாருக்கும் தெரியாது. கன்ட்ரோல் கிணற்றுக்கும் அதே அமிலம், அதே ஆல்புமின், அதே அளவு போக வேண்டும். இதை விட்டுவிட்ட சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எஃப்ஜிஎஃப்2வின் சிக்கல் வேறு. 37 டிகிரியில் அது நிலையாக இருப்பதில்லை. இரண்டு, மூன்று நாள் சோதனையில் முதல் நாள் போட்டதோடு விட்டால் பின்பாதி முழுக்கக் காரணி இல்லாமலே ஓடும். ஹெபாரின் சேர்த்தால் தாங்கும், அல்லது தினமும் புதிதாகப் போட வேண்டும். பிஎம்பி-2க்கு அளவுதான் முக்கியம். டிஜிஎஃப்-பீட்டாவைப் போல 5 நானோகிராம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பல செல் வகைகளில் ஒன்றும் நடக்காது. மில்லிலிட்டருக்கு 50 முதல் 300 நானோகிராம் வரை தேவைப்படும். பாக்டீரியாவில் தயாரித்த பிஎம்பி-2ஐவிடப் பாலூட்டி செல்லில் தயாரித்தது பல செல்களில் குறைந்த அளவிலேயே வேலை செய்கிறது. கட்டுரையில் படித்த அளவை எடுக்கும்போது அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள்.

குப்பி நல்லது, வேறு செல்லில் வேலை செய்கிறது என்றால் அடுத்து உங்கள் செல்லைப் பாருங்கள். புற்றுச் செல்களில் பல டிஜிஎஃப்-பீட்டா பாதையை உடைத்துக்கொண்டு தப்பித்தவை. உடைந்த இடம் செல்லுக்குச் செல் மாறும். எல்என்கேப் புராஸ்டேட் செல்லில் ஏற்பியிலேயே குறை, டிஜிஎஃப்-பீட்டா எவ்வளவு போட்டாலும் பதில் வராது. எம்டிஏ-எம்பி-468 மார்பகச் செல்லில் ஸ்மாட்4 மரபணுவே இல்லை. இந்த இரண்டாவது வகையில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவார்கள். ஸ்மாட்2 மீது பாஸ்பேட் அழகாக ஏறும், பிளாட் பார்க்க நன்றாக இருக்கும், மரபணு மட்டும் மௌனமாக இருக்கும். ஏற்பியும் ஸ்மாட்2உம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, உட்கருவுக்குள் கூட்டுச் சேர ஸ்மாட்4 இல்லை. பிளாட்டில் பாஸ்பேட் இருந்து செர்பைன்1 அசையாவிட்டால் முதலில் ஸ்மாட்4ஐத் தேடுங்கள். எம்டிஏ-எம்பி-231இல் இந்தப் பாதை ஒழுங்காக இருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா போட்டால் பிடிஎச்ஆர்பி, ஐஎல்-11, சிடிஜிஎஃப் ஆகியவை ஏறும். பாசிட்டிவ் கன்ட்ரோலாக அதைப் பக்கத்தில் ஓட்டினால் பாதித் தலைவலி போய்விடும்.

உடனடி மரபணு ஏறுகிறது, எலும்புப் புரதம் மட்டும் ஏறவில்லை

சரி, சிக்னல் போகிறது. இப்போது நேரத்தையும் செல் வகையையும் பாருங்கள். பிஎஸ்பி, ஆஸ்டியோகால்சின் இரண்டுக்கும் ரன்எக்ஸ்2, ஆஸ்டெரிக்ஸ் (எஸ்பி7), டிஎல்எக்ஸ்5 போன்ற எலும்புப் படியெடுப்புக் காரணிகள் செல்லில் இருக்க வேண்டும். அவை அறவே இல்லாத செல்லில் பிஎம்பி போட்டால் ஐடி1 ஏறும், ஆஸ்டியோகால்சின் ஏறாது. அதில் தவறு ஒன்றும் இல்லை, அதுதான் விடை. ரன்எக்ஸ்2, எஸ்பி7 இரண்டையும் அதே சிடிஎன்ஏவில் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

எலும்பிலேயே தோன்றும் எலும்புப் புற்று செல்கள் எல்லாம் ஒரே ரகம் என்று எண்ணுவதும் இங்கே இடறும். சாவோஸ்-2 செல்லில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மிக அதிகம், தாதுப் படிவும் உண்டாகும். எம்ஜி-63 இளம் நிலையில் நிற்கும் செல். அதில் பாஸ்பட்டேஸ் குறைவு, ஆஸ்டியோகால்சினோ 1,25-டைஹைட்ராக்சி வைட்டமின் டி3 கொடுத்தால்தான் ஒழுங்காகத் தெரியும். 10 நானோமோலார் வைட்டமின் டி3ஐ ஒரு கிணற்றில் போட்டுப் பாருங்கள். அதிலும் ஆஸ்டியோகால்சின் வராவிட்டால் பிசிஆர் பிரைமரிலோ செல்லிலோ கோளாறு, வளர்ச்சிக் காரணி மீது பழி போட வேண்டாம். இந்தச் சோதனையை எலிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: மனிதனிலும் பெரிய எலியிலும் ஆஸ்டியோகால்சினை ஏற்றும் வைட்டமின் டி, சுண்டெலியில் இறக்கும்.

அப்புறம் அடர்த்தி. ஆர்ஓஎஸ் 17/2.8 போன்ற எலி எலும்புப் புற்று செல்களில் டிஷ் நிறைந்த பிறகுதான் எலும்புப் புரதங்கள் நன்றாகப் பேச ஆரம்பிக்கும். பாதி நிறைந்த டிஷ்ஷில் ஒரு முடிவு, முழுக்க நிறைந்ததில் வேறு முடிவு வருவது இயல்பு. எத்தனை சதவீத நிறைவில் காரணி போட்டீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். எவ்வளவு செல் விதைத்தீர்கள் என்பது மட்டும் போதாது.

ஏற வேண்டியது இறங்குகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. பலர் பயந்துபோய் சோதனையைத் தூக்கி எறிவார்கள், ஆனால் இதில்தான் உயிரியல் இருக்கிறது.

டிஜிஎஃப்-பீட்டா எலும்பில் நிறைய இருக்கிறது, ஆகவே எலும்பு மரபணு எல்லாவற்றையும் ஏற்றும் என்ற எதிர்பார்ப்பே தவறு. கொலாஜன் 1ஐ ஏற்றும்; ஆஸ்டியோகால்சினை இறக்கும். 2001இல் இதன் வழி தெரிந்தது: ஸ்மாட்3 போய் ரன்எக்ஸ்2வோடு சேர்ந்து, ஆஸ்டியோகால்சின் மரபணுவை இயக்கும் ஊக்குவிப்புப் பகுதியிலேயே ரன்எக்ஸ்2வின் வேலையைத் தடுக்கிறது. டிஎன்ஏவை இறுக்கி மூடும் ஹிஸ்டோன் டிஅசிட்டிலேஸ்களை ஸ்மாட்3 அங்கே அழைத்து வருவது பின்னர் தெரியவந்தது. இந்தத் தடை இடையிழைய வகைச் செல்களில் நடக்கிறது, எபிதீலிய செல்களில் நடப்பதில்லை. எலும்புப் புற்று செல்லையும் மார்பகப் புற்று செல்லையும் பக்கத்தில் வைத்து ஒரே காரணி கொடுக்கும் நமக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் இறங்காமல் இருந்தால் பிப்பெட்டைக் குறை சொல்வதற்கு முன் செல்லின் மூலத்தைப் பாருங்கள்.

எஃப்ஜிஎஃப்2விலும் இதே கதை. குறுகிய நேரத்தில் பிஎஸ்பி ஊக்குவிப்புப் பகுதியைத் தூண்டும் அதே காரணி, நீண்ட நேரம் தொடர்ந்து இருந்தால் கொலாஜன் 1ஐயும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் கீழே தள்ளும். 24 மணி நேரத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்து "எஃப்ஜிஎஃப்2 குறைக்கிறது" என்று எழுதினால் பாதி உண்மைதான் எழுதுகிறீர்கள். 3, 6, 12, 24, 48 மணி நேரம் என்று எடுங்கள். ஆர்என்ஏ தயாரிப்பு கூடும்தான், வேறு வழியில்லை.

இறக்கம் படியெடுப்பிலா, எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதைவதாலா என்று கேட்டால் ஆக்டினோமைசின் டி போட்டுப் படியெடுப்பை நிறுத்தி, சிதைவின் வேகத்தைக் காரணி உள்ளதிலும் இல்லாததிலும் ஒப்பிடலாம். இடையில் ஒரு புதிய புரதம் தேவைப்படுகிறதா என்று பார்க்க, புரதத் தயாரிப்பை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு உண்டு. ஆனால் அது தனியாகவே ஃபாஸ் போன்ற மரபணுக்களைத் தாறுமாறாக ஏற்றும். சைக்ளோஹெக்சிமைடு மட்டும் போட்ட கிணறு இல்லாமல் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

காரணி போடாத கிணற்றிலேயே அளவு உச்சத்தில் நிற்கிறது

மீடியத்தில் 10 சதவீதம் மாட்டுச் சீரம் இருக்கிறதா? அதில் டிஜிஎஃப்-பீட்டா உறங்கும் வடிவில் இருக்கிறது. அமிலமோ செல் சுரக்கும் புரோட்டியேஸோ அதை எழுப்பிவிடும். 12 முதல் 24 மணி நேரம் சீரத்தை 0.5 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிட்டுக் காரணி போடுங்கள். செல்கள் உருண்டு மிதக்க ஆரம்பித்தால் பட்டினி கூடிவிட்டது என்று பொருள், நேரத்தைக் குறையுங்கள்.

சீரத்தை எடுத்தும் இறங்கவில்லை என்றால் செல்லே தனக்குத்தானே சுரந்துகொள்கிறது. எலும்புப் புற்று செல்கள் டிஜிஎஃப்-பீட்டா சுரப்பவை. டிஜிஎஃப்-பீட்டா ஏற்பியைத் தடுக்கும் எஸ்பி431542 போட்ட கிணற்றில் அடிப்படை அளவு இறங்கினால் அது உறுதி. அல்லது பாதை நடுவிலேயே திறந்து கிடக்கலாம். எம்டிஏ-எம்பி-231இல் கேராஸ், பிராஃப் இரண்டிலும் மரபணு மாற்றம் உண்டு, அதனால் ஈஆர்கே எப்போதும் உயர்ந்தே நிற்கும். அதன் மேல் ஈஜிஎஃப் போட்டு இன்னும் ஏற்ற நினைத்தால் இடமே இல்லை. எம்சிஎஃப்-7இல் பிஐ3கே பக்கமும், பிசி-3இல் பீடென் இல்லாததால் ஏகேடி பக்கமும் இதே நிலை. செல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் மரபணு மாற்றப் பட்டியலை ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

ஆஸ்டியோபான்டின் மட்டும் உயர்ந்திருந்தால் மீடியத்தில் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் இருக்கிறதா பாருங்கள். பாஸ்பட்டேஸ் அதை உடைத்துப் பாஸ்பேட்டை வெளியே விடும்; அந்தப் பாஸ்பேட்டே ஆஸ்டியோபான்டினை ஏற்றும். சாவோஸ்-2இல் இது பலமாக நடக்கும்.

ஆஸ்டியோகால்சின் எல்லாச் செல்லிலும் தெரிகிறது, எதற்கும் மாறுவதும் இல்லை

பிரைமரைச் சந்தேகியுங்கள். மனித ஆஸ்டியோகால்சின் மரபணு மிகச் சிறியது, மொத்தமே ஆயிரம் காரம் சுற்றளவுதான், இன்ட்ரான்களும் குட்டையானவை. இன்ட்ரானைத் தாண்டி பிரைமர் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவருக்கும் ஜீனோம் டிஎன்ஏ பெருகித் தொலைக்கும். டிஎன்ஏஸ் போடுங்கள், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கிணறு ஒவ்வொரு மாதிரிக்கும் இருக்கட்டும்.

இன்னொரு பொறி இதைவிட நுணுக்கமானது. ஆஸ்டியோகால்சினுக்கு முன்னால் பிஎம்எஃப்1 என்ற மரபணு உட்கார்ந்திருக்கிறது. அதன் படியெடுப்பு சில நேரம் நிற்காமல் ஓடி ஆஸ்டியோகால்சினின் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு வரும். பிஎம்எஃப்1 ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இயங்குவதால், ஆஸ்டியோகால்சினின் கடைசி எக்ஸான்களில் பிரைமர் வைத்தவருக்கு எல்லாச் செல்லிலும் "ஆஸ்டியோகால்சின்" கிடைக்கும், வைட்டமின் டிக்கும் அசையாது. முதல் எக்ஸானில் ஒரு பிரைமர் இருக்குமாறு மாற்றி வையுங்கள். பழைய பிரைமரில் வந்த சிடியையும் (பிசிஆரில் சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று எண்) புதியதில் வந்ததையும் ஒப்பிட்டால் எவ்வளவு ஒட்டுப் படி என்று தெரிந்துவிடும்.

இதோடு: சிடி 35ஐத் தாண்டிய மாதிரிகளில் மடங்கு கணக்குப் போடாதீர்கள். எபிதீலிய செல்களில் பிஎஸ்பி பெரும்பாலும் அங்கேதான் வரும். ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டினை வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சீரமும் வளர்ச்சிக் காரணியும் ஆக்டின் மரபணுவையே ஏற்றுபவை. டிபிபி, எச்பிஆர்டி1, ஆர்பிஎல்பி0 ஆகியவற்றில் உங்கள் செல்லில் அசையாத இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்என்ஏ ஏறுகிறது, புரதம் தெரியவில்லை

இவை சுரக்கப்படும் புரதங்கள், செல்லை உடைத்துத் தேடினால் கொஞ்சமே கிடைக்கும். மீடியத்தைச் சேகரித்துச் செறிவாக்குங்கள், அல்லது அறுவடைக்குச் சில மணி நேரம் முன் பிரெஃபெல்டின் ஏ போட்டு உள்ளேயே தேக்குங்கள். பேண்ட் எங்கே தேடுகிறீர்கள்? பிஎஸ்பியின் புரத முதுகெலும்பு 33 கிலோடால்டன் அளவு. சர்க்கரையும் பாஸ்பேட்டும் ஏறிய பிறகு ஜெல்லில் 70 முதல் 80இல் ஓடும். ஆஸ்டியோபான்டினும் கணக்குக்கு மேலே, 45 முதல் 75க்குள் எங்கேயாவது நிற்கும். திராம்பினும் மேட்ரிக்ஸ் புரோட்டியேஸ்களும் வெட்டினால் கீழே துண்டுகள் வரும். அமிலத்தன்மை மிகுந்த இவை கூமாசி நீலத்தைச் சரியாகப் பிடிக்காது, ஸ்டெயின்ஸ்-ஆல் பிடிக்கும். ஆஸ்டியோகால்சின் 49 அமினோ அமிலம்தான், 6 கிலோடால்டனுக்கும் குறைவு. வழக்கமான ஜெல்லில் ஓடியே போய்விடும், ஆகவே டிரைசின் ஜெல்லும் 0.2 மைக்ரான் சவ்வும் வேண்டும்.

மாறாக, செல்லே இல்லாத மீடியத்தில் ஆஸ்டியோகால்சின் காட்டினால் அது மாட்டுடையது. பல ஆன்டிபாடிகள் மனித ஆஸ்டியோகால்சினையும் மாட்டு ஆஸ்டியோகால்சினையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சீரம் கலந்த வெறும் மீடியத்தை ஒரு மாதிரியாக வைத்து ஓட்டிப் பாருங்கள்.

லூசிஃபெரேஸ் ஏறுகிறது, செல்லின் சொந்த மரபணு ஏறவில்லை

ஊக்குவிப்புப் பகுதியை ஒளிதரும் லூசிஃபெரேஸ் மரபணுவோடு ஒட்டி, பிளாஸ்மிடாகச் செல்லுக்குள் விடும் சோதனை இது. பிளாஸ்மிடில் உள்ள ஊக்குவிப்புப் பகுதிக்கு முறையான குரோமாட்டின் பூட்டு இல்லை, செல்லின் சொந்த மரபணுவுக்கு உண்டு. இரண்டும் மாறுபடுவது வியப்பில்லை. பிஎஸ்பியின் ஊக்குவிப்புப் பகுதியில், புரதங்கள் வந்து உட்காரும் இடங்களான தலைகீழான டாட்டா பெட்டி, தலைகீழான சிசிஏஏடி பெட்டி, சிஆர்ஈ, எஃப்ஜிஎஃப்2க்குப் பதில் சொல்லும் எஃப்ஆர்ஈ எல்லாம் தொடக்கப் புள்ளிக்கு அருகிலேயே நெருக்கமாக இருக்கின்றன. ஒன்றைக் குலைத்தால் பக்கத்து இடமும் பாதிக்கப்படலாம். ஒரே ஒரு பிறழ்வு பிளாஸ்மிடை வைத்து "இந்த இடம்தான்" என்று சொல்லிவிடாமல், ஒவ்வொன்றையும் தனியாகவும் சேர்த்தும் மாற்றிப் பாருங்கள். பிறகு குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிட்டேஷனில் செல்லின் சொந்த மரபணுவிலும் அந்தப் புரதம் உட்காருகிறதா என்று சரிபாருங்கள்.

ஒப்பீட்டுக்குப் போடும் ரெனில்லா (இன்னொரு லூசிஃபெரேஸ்) பிளாஸ்மிடையும் கவனியுங்கள். சிஎம்வி ஊக்குவிப்பான் கொண்டது வளர்ச்சிக் காரணிக்குத் தானே ஏறும். அதால் வகுத்தால் உங்கள் ஏற்றம் மறைந்துபோகும். ரெனில்லாவின் மூல எண்களைத் தனியாக வரைந்து, காரணி உள்ளதிலும் இல்லாததிலும் சமமாக இருந்தால் மட்டும் வகுங்கள்.

முன்பு வந்தது இப்போது வரவில்லை

மைக்கோபிளாஸ்மா தொற்றுச் சோதனை, எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனை, இரண்டையும் முதலில் முடியுங்கள். மார்பகப் புற்று என்று ஆண்டுக்கணக்கில் பயன்பட்ட எம்டிஏ-எம்பி-435 உண்மையில் எம்14 என்ற மெலனோமா செல் என்று தெரியவந்தது. ஆஸ்டியோபான்டின் பற்றிய பழைய கட்டுரைகள் பலவற்றில் அந்தச் செல் இருக்கிறது. அவற்றோடு உங்கள் முடிவு ஒத்துப்போகாவிட்டால் கவலைப்பட வேண்டாம். பிறகு சீரத்தின் லாட் எண், காரணியின் லாட் எண், செல்லின் பேசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது) மூன்றையும் வந்த நாளோடும் வராத நாளோடும் ஒப்பிடுங்கள். ஆரம்ப பேசேஜில் உறைய வைத்த குப்பி ஒன்றை உருக்கி, இரண்டையும் ஒரே நாளில், ஒரே காரணிக் கரைசலில் ஓட்டினால் செல்லா, கரைசலா என்பது பிரிந்துவிடும்.

தடுப்பான் போட்டால் எல்லாமே இறங்குகிறது

எஸ்பி431542 டிஜிஎஃப்-பீட்டா பக்கத்து ஏற்பிகளான அல்க்5, 4, 7ஐத் தடுக்கும். பிஎம்பி பக்கத்தைத் தொடாது. பிஎம்பிக்கு எல்டிஎன்-193189 அல்லது நாகின் வேண்டும். எஸ்பி போட்டு பிஎம்பியின் ஐடி1உம் விழுந்தால் அளவு கூடிவிட்டது. ஈஆர்கே பாதையைத் தடுக்கும் யூ0126 போட்டு டிபிபி, எச்பிஆர்டி1உம் சேர்ந்து இறங்கினால் செல் இறந்துகொண்டிருக்கிறது, அங்கே பாதை பற்றிப் பேச ஒன்றுமில்லை. தடுப்பான் மட்டும், காரணி மட்டும், இரண்டும், கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் என நான்கு கிணறும் ஒரே பிளேட்டில் இருக்கட்டும். தடுப்பானைக் காரணிக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போட்டு, அந்தப் பிளேட்டிலிருந்தே பாஸ்பேட் ஏறிய ஸ்மாட் அல்லது ஈஆர்கே உண்மையிலேயே விழுந்ததா என்று ஒரு பிளாட் எடுங்கள்.